ஜோட்டு வண்டியும் ரஹீம் பாயின் வார்த்தையும்

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஹீம் பாயின் மகன் அன்வர் என் ஷெட்டுக்கு வந்து, "எத்திராஜ் மாமா, அத்தா போய்ட்டாரு" என்று சொன்னபோது நான் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். நல்ல மனுஷனாக இருந்தால் 'ஐயோ' என்றிருப்பான். நான் லாரிக்கு அடியிலிருந்தே, "சாவி யார்கிட்ட இருக்குது?" என்றேன்.

அன்வரின் கால் ஒரு அடி பின்னால் போனது. அவன் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு, "அம்மாகிட்ட இருக்குது மாமா. நீங்க எழுந்து வாங்க" என்றான். வெளியே வந்து முகத்தைத் துடைத்தேன். துடைத்த துணியில் கிரீஸ் இருந்ததால் அப்படியே கறுப்பு முகத்தோடுதான் பாய் வீட்டுக்குப் போனேன். என் மனைவி இன்றுவரை விடவில்லை. "சாவு சொல்ல வந்த புள்ளைகிட்ட கேக்கற கேள்வியா அது?" என்கிறாள். நியாயம்தான்.

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் பாயைப் பற்றி எழுது என்று என்னிடம் சொன்னது உங்கள் தப்பு. மூன்றாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இரண்டு பக்கத்திலும் வருத்தம் இல்லை. ஆம்பூரில் தோல் தரகர் ரஹீம் பாயைத் தெரியாதவர் யார்? ஆனால் அந்தச் சாவியின் கதை எல்லோருக்கும் முழுசாகத் தெரியாது. நான் கூடவே இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

பாய்க்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதைக் கையில் கொடுத்தாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்துத் தரம் சொல்லுவார். தோலுக்குச் சொல்லுவது தொழில். கல்யாணப் பத்திரிகைக்கும் சொல்லுவார். ஓட்டலில் தோசையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து "செகண்ட்" என்பார், சர்வர் முறைப்பான். என் கல்யாணத்துக்கு வந்து பெண்ணைப் பார்த்து "ஃபர்ஸ்ட்" என்றார். என் பக்கம் திரும்பி, பட்டுச் சட்டையை ஒரு தரம் நசுக்கிவிட்டு, "சட்டை ஃபர்ஸ்ட், உள்ள இருக்கறது தர்டு" என்றார். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவி குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். எங்கள் வீட்டில் எனக்கு இன்றைக்கும் அந்தத் தரம்தான்.

இந்தத் தரம் சொல்லுவதில்தான் பாயின் வாழ்க்கை நின்றது. அவர் ஃபர்ஸ்ட் என்றால் தோல் பதனிடும் டேனரிகளின் முதலாளிகள் கட்டைப் பிரிக்காமலே தோல் வாங்குவார்கள். தரகருக்கு வேறு சொத்து கிடையாது. தோளில் ஒரு துண்டு, வாயில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அந்த வார்த்தையைக் கொண்டுபோய் அவர் ஜோட்டு வண்டியின் மேல் வைத்தார்.

ஜோட்டு வண்டி என்று நம் ஊர் பெயர் வைத்தது, சீமையிலிருந்து வந்த ஒரு பழைய மோட்டாருக்கு. ரேஸ் மாதிரி ஓட்டுவதற்கென்று செய்தது. முன்னால் நீளம், பின்னால் குட்டை, நடுவில் பள்ளம். பார்த்தால் பெரிய ஆளின் கால் ஜோடு ஒன்றைக் கழற்றி வைத்தது போலிருக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது; மடித்து விடுகிற ஒரு கித்தான் உண்டு, அதையும் எலி தின்றுவிட்டது. தோல் வாங்க வந்து தங்கியிருந்த ஒரு துரை, சுதந்திரத்துக்குப் பிறகு கப்பலேறும்போது அதை ஹாஜியார் டேனரியில் விட்டுப் போனார். பதனிடாத பச்சைத்தோல் அடுக்கும் கிடங்கின் மூலையில் அது வருஷக்கணக்காகக் கிடந்தது. ஹாஜியாரின் கோழிகள் அதற்குள்தான் முட்டையிட்டன.

நம் ஊரில் ஒரு காரை எப்படி மதிப்போம்? கல்யாணத்துக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்று பார்ப்போம். மடியில் உட்காருகிறவர்கள் தனி. இந்த வண்டியில் மாப்பிள்ளை உட்கார்ந்தால் பெண் உட்காரலாம். மாமியார் நடந்து வரவேண்டும். அப்படிப்பட்ட வண்டியை யார் கேட்பார்கள்?

ஒரு வருஷம் பக்ரீத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, டேனரிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் வெடிப்பு விட்டுவிட்டது. புது எஞ்சினுக்குப் பதிந்தால் எப்போது வரும் என்று கடவுளுக்கும் கம்பெனிக்கும்தான் தெரியும். பக்ரீத்துக்கு மறுநாளிலிருந்து தோல் லாரி லாரியாக வந்து இறங்கும்; உடனே தொட்டியில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் அழுகும். ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, "ஜோட்டு வண்டியில இருக்கற எஞ்சின அறுத்து எடுத்து பம்புக்கு மாட்டுடா" என்றார். நான் ஸ்பானரோடு போனேன். கோழியைத் துரத்திவிட்டுப் பானெட்டைத் திறந்தேன்.

"எத்திராஜு, ஸ்பானர கீழ வை."

திரும்பினால் ரஹீம் பாய். ஹாஜியாரிடம் சரக்குப் பார்க்க வந்தவர். கிடங்கில் இன்னும் நாலைந்து டேனரி முதலாளிகள் இருந்தார்கள்.

"ஹாஜியாரே, இத அறுக்காதீங்க. இது ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்" என்றார் பாய்.

கிடங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு முதலாளி, "பாய், கோழியச் சொல்றீங்களா வண்டியச் சொல்றீங்களா?" என்றார்.

ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "ரஹீம், நீ ஃபர்ஸ்ட்னு சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு வாங்கறவன். இத்தன பேரு எதிர்ல இதையும் ஃபர்ஸ்ட்னு சொல்றே. யோசிச்சி சொல்லு."

"யோசிச்சாச்சி."

"சரி. அப்ப பக்ரீத்துக்குள்ள இந்த வண்டிய முழுசா, ஆசப்பட்டு கேக்கற ஆள் ஒருத்தனக் காட்டு. அவன் ஓடற ஆயில் எஞ்சின் ஒண்ணு குடுக்கட்டும், வண்டிய எடுத்துக்கட்டும். இல்லன்னா இந்த எஞ்சின் பம்புக்கு. அப்புறம் உன் ஃபர்ஸ்ட்டு செகண்டையெல்லாம் நான் இன்னொரு தரகர வெச்சி சரிபாத்துக்க வேண்டியதுதான்."

சிரிப்பு நின்றது. ஒரு தரகரிடம் இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியாது. ஹாஜியார் ஆள் வைத்துச் சரிபார்க்கிறார் என்றால் மற்றவர்களும் வைப்பார்கள். அப்புறம் தோளில் துண்டு இருக்கும், தரகு இருக்காது.

வெளியே வந்ததும், "உங்களுக்கு இன்னா பேஜாரு பாய் இது? அந்த வண்டியில இன்னா இருக்குது?" என்று கேட்டேன்.

"துரைகூட அதுல நான் ஊர் ஊரா தோல் பாக்கப் போயிருக்கேன். ஸ்டீரிங்க எங்கிட்ட குடுத்துட்டு அவன் தூங்குவான். வளைவுல திரும்பும் பாரு, நல்ல ஆட்டுத்தோல கை மேல போட்டா எப்பிடி வழிஞ்சி இறங்கும், அது மாதிரி. ஜனம் அதுல ஏறாமலே தர்டுன்றான். ஏறிப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். நான் சொல்லலன்னா யாரு சொல்லுவா?"

எனக்கு அப்போது புரியவில்லை. வண்டியை ஓட வைத்து, வாணியம்பாடி ரோட்டில் ஏலகிரி மலை தெரிகிற பக்கம் ஒரு நாள் காலையில் அவரோடு போனபோது புரிந்தது. நான் லாரிக்காரன். திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிற வண்டிகள்தான் எனக்குப் பழக்கம். இது நினைப்பதற்கு முன்னால் திரும்பிவிட்டது. ஒரு புளியமரத்தை நான் நினைக்காததால் தப்பித்தோம்.

ஓட வைத்த பிறகு எங்களுக்குள் சண்டை. நான் சிவப்பு பெயின்ட் அடித்து, முன் மட்கார்டில் இருந்த நசுங்கலைத் தட்டி எடுத்து, பளபளவென்று பித்தளைப் பட்டை ஒட்டலாம் என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. மங்கிப்போன பச்சைப் பெயின்டைத் துடைத்தால் போதும் என்றார். தோலில் மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு இருந்தால் அதை மடித்து உள்ளே வைத்துக் கட்டுகிற தரகர்கள் உண்டு. பாய் தழும்பை மேலே வைத்துத்தான் கட்டுவார். "காயத்தக் காட்டிட்டா பேரம் பேசலாம் எத்திராஜு. மறைச்சிட்டா சண்டதான் போடணும்" என்பார். நசுங்கல் அப்படியே இருந்தது.

ஆள் யார் என்பதையும் அவரே முடிவு செய்தார். காவேரிப்பாக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த முதலியார் ஒருவருக்குப் பழைய மோட்டார் சேர்க்கிற பைத்தியம். யானை மாதிரி பெரிய வண்டிகளாகக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். மில்லுக்குக் கரண்ட் வந்துவிட்டதால் அவருடைய ஆயில் எஞ்சின் சும்மா கிடந்தது. ஆனால் சின்ன வண்டி என்றால் அவருக்கு இளக்காரம். யாரோ ஒருவர் முன்பு கொண்டுபோய்க் காட்டியபோது, "இது மோட்டாரா, வெத்தலப் பொட்டியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

"அவருகிட்டப் போய் எப்பிடி பாய் கேக்கறது?"

"யாரு கேக்கப் போறா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். வேலூர் தாண்டி, ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, காவேரிப்பாக்கம் ரைஸ் மில் வாசல் வழியாக வேகமாகப் போனோம். நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி மறுபடியும் அதே வாசல் வழியாக வந்தோம். அப்போதும் நிற்கவில்லை. நேரே ஆம்பூர். அடுத்த ஞாயிறும் அப்படியே. முதலியார் அன்றைக்கு வாசலில் நின்றிருந்தார். கையைக்கூடத் தூக்கினார்.

"பாய், கூப்புடறாரு, நிறுத்துங்க!"

"நின்னா கம்மி, போனா ஜாஸ்தி" என்று சொல்லி ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஓட்டுகிற வண்டிக்கு மதிப்பு ஏற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால், இந்த நாலு வார்த்தைதான் என்று சொல்லுவேன்.

மூன்றாவது ஞாயிறு முதலியார் தன்னுடைய யானை வண்டியில் ஏறித் துரத்தினார். ஏரிக்கரையோரம் வைக்கோல் வண்டிகள் எதிரே வந்ததால் நாங்கள் நிற்க வேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, முகமெல்லாம் ஆசை. ஐந்தடி தூரம் வந்தார். நின்றார். மேல்துண்டை எடுத்து மூக்கில் வைத்தார்.

"இன்னாய்யா, உள்ள எதனா செத்துக் கெடக்குதா?"

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்தோம். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. "எலி கிலி ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

"எலியில்லய்யா, எரும செத்த நாத்தம்! உங்களுக்கு வரல?"

பாய் சீட்டை மோந்து பார்த்தார். நான் பாயை மோந்து பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் வரவில்லை.

முதலியார் தூரத்திலிருந்தே வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "வண்டி லட்சணமாத்தான் இருக்குது. ஆனா இத என் கொட்டாயில நிறுத்தினா மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பாய் மக்கன் பேடா சாப்பிடவில்லை. நான்தான் சாப்பிட்டேன், இரண்டு பங்கும். பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டார்: "உனக்கு நெஜமாவே ஒண்ணும் வரலியா?"

"வரல பாய்."

"எனக்கும் வரல." ஒரு கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "தோலு நம்ம மூக்க எப்பவோ வாங்கிட்டுப் போய்டுச்சி போல. நாமதான் கவனிக்கல."

பச்சைத்தோல் கிடங்கில் வருஷக்கணக்கில் ஊறிய வண்டி அது. கார்புரேட்டரைக் கழுவினோம், பெயின்டைத் துடைத்தோம், தழும்பை மறைக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டோம். நாற்றம் என்று ஒன்று இருப்பதே ஆம்பூர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வழி காட்டியது என் மனைவி. "உங்க ரெண்டு பேரு மூக்கையும் வெச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போறீங்க? என் தம்பியக் கூப்புடுங்க. அவன் ரயிலடியில எறங்கும்போதே மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்கறான்" என்றாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற அவள் தம்பி நாகலிங்கம் வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். உடனே இறங்கினான்.

"மாமா, உசுரு போவுது."

"எந்தப் பக்கம் போவுது, சொல்லு" என்றார் பாய். "சீட்லியா, தரையிலியா?"

"எல்லாப் பக்கமும், பாய்."

வண்டி ஆம்பூரில் இருக்கும்வரை நாற்றம் போகாது என்பது அவன் தீர்ப்பு. குடியாத்தத்துக்கே ஓட்டிக்கொண்டு போனோம். சீட்டைப் பிரித்து உள்ளே இருந்ததையெல்லாம் வெயிலில் போட்டுத் தட்டி மறுபடி அடைத்தோம். வண்டியை நெசவுக்காரத் தெருவின் கொட்டகையில் நிறுத்தினோம். அந்தத் தெருவில் பாவு நூலை நீட்டி அரிசிக் கஞ்சி போடுவார்கள். இடம் போதாமல் ஈர நூலை வண்டி மேலேயே போட்டு உலர்த்தினார்கள். நாகலிங்கம் தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி சொல்லுவான். "கால்வாசி போச்சி." "பாதி போச்சி." பாய் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பரீட்சை எழுதியவன் மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் ஊருக்கே தரம் சொன்னவர்.

அத்தர் கொஞ்சம் தெளித்தால் என்ன என்று நான் கேட்டேன். "அது மறைக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பக்ரீத் நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் நாகலிங்கம் இரண்டு தடவை மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "தோல் போய்டுச்சி, பாய்" என்றான். அப்போதே கிளம்பினோம். அவன் பின்னால், மடித்த கித்தான் இருக்கும் இடத்தில், கால்களை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விட்டுக்கொண்டு வந்தான். இந்த முறை மில் வாசலிலேயே நிறுத்தினார் பாய்.

"நின்னா கம்மின்னு சொன்னீங்களே?"

"அன்னிக்கி ஆசயக் காட்டப் போனோம். இன்னிக்கி அவரு சொன்ன கொறைக்கி பதில் சொல்ல வந்திருக்கோம். இதுக்கு நிக்கணும்."

முதலியார் மேல்துண்டை மூக்குக்குத் தயாராக வைத்துக்கொண்டே வந்தார். ஐந்தடியில் நின்றார். துண்டை இறக்கினார். கிட்டே வந்தார். சீட்டில் குனிந்தார்.

"ஒண்ணுமே இல்லியே!"

நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். நாகலிங்கம் என் காதில், "மாமா, வண்டி பூராவும் கஞ்சி வாசம்" என்றான். அப்போதுதான் மில் முற்றத்தைப் பார்த்தேன். நெல் அவித்துக் கொட்டியிருந்தார்கள், ஆவி போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குத் தோல் எப்படியோ, முதலியாருக்கு அவித்த நெல்லும் கஞ்சியும் அப்படி. அவர் மூக்குக்கு அது வாசமே இல்லை. நான் நாகலிங்கத்தின் காலை மிதித்தேன். ஆனால் பாய்க்குக் காது நல்ல காது.

"முதலியார், ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "தோல் நாத்தம் போய்டுச்சி. ஆனா கஞ்சி வாசம் ஏறியிருக்குது. எங்க ஆள் சொல்றான். உங்களுக்குத் தெரியாது, நீங்க அதுலயே இருக்கறீங்க. நாளைக்கி யாராச்சும் சொல்லி நீங்க என்னத் திட்டக் கூடாது."

பம்பு போச்சு, பாய் போச்சு என்று நினைத்தேன். முதலியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் குனிந்து மோந்தார்.

"எனக்கு என் வீடு மாதிரிதான் இருக்குது" என்றார். "வேற இன்னா கொற இருக்குது, அதையும் சொல்லிடு."

பாய் அவரை வண்டியைச் சுற்றி அழைத்துப் போனார். நசுங்கிய மட்கார்டு, துரை மோதிய இடம். கித்தானில் எலி தின்ற ஓட்டை. மழையில் யாரும் உட்கார முடியாது, இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. சீட்டில் கோழி கொத்திய இடம். ஒவ்வொன்றுக்கும் முதலியார் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியாகப் பாய் சீட்டை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தோலு நம்ம பாலாத்துத் தண்ணியில ஊறி, கப்பலேறிப் போய், சீட்டாகித் திரும்பி வந்திருக்குது. கை சொல்லுது" என்றார். அது எவ்வளவு நிஜமோ எனக்குத் தெரியாது. அன்று அவருக்குச் சளி பிடித்திருந்தது. சளி மூக்குக்குத்தான், கைக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதலியாரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று போனார். போகும்போது முதலியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வரும்போது இரண்டு கையும் மேலே இருந்தன.

பேரம் துண்டுக்கு அடியில் நடந்தது. வாயால் சொல்லாமல், மூடிய துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவது தோலுக்கும் மாட்டுக்கும் வழக்கம். முதலியார் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துண்டு மட்டும் அசைந்தது. முதலியார் ஒரு தரம் "ஊகும்" என்றார். பாய் ஒரு தரம் பெருமூச்சு விட்டார். துண்டு நின்றது. ஆயில் எஞ்சின் நமக்கு, வண்டி அவருக்கு.

வண்டிக்கு இரண்டு சாவி இருந்தது. முதலியார் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைப் பாயிடமே கொடுத்துவிட்டார். முதலியாரின் மில் லாரியில் எஞ்சினோடு திரும்பும்போது கேட்டேன்.

"பெருமூச்சு எதுக்கு பாய்?"

"எஞ்சினோட பெல்ட் சக்கரத்தையும் தர்றேன்னாரு. அத விட்டுட்டு சாவிய வாங்கினேன். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து ஓட்டிக்கலாம்."

"அப்ப பெல்ட் சக்கரம்?"

"நீ எதுக்கு இருக்கற?"

பழைய லாரி டிரம் ஒன்றைக் கடைந்து சக்கரம் செய்தேன். பக்ரீத்துக்கு முதல் நாள் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. ஹாஜியார் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பாயிடம், "சரி ரஹீம், ஃபர்ஸ்டுதான்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாய் கட்டிய கட்டை யாரும் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. பாய் என் பக்கம் திரும்பி, என் சட்டையை நசுக்கிப் பார்த்து, "இன்னிக்கி செகண்ட்" என்றார். வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி நம்பவில்லை.

அடுத்து நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். முதலியாரின் சினேகிதர்கள் மெட்ராஸிலிருந்து வந்து ஜோட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். யானை வண்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவர்கள் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று கிடங்கு கிடங்காக ஏறி, துரைகள் விட்டுப்போன சின்ன வண்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நம் ஜில்லாவில் எத்தனையோ கோழிகள் வீடிழந்தன. கிடங்கில் அன்றைக்குச் சிரித்த முதலாளிகள் என் ஷெட்டுக்கு வந்து, "எத்திராஜு, பெயின்ட் கியின்ட் அடிச்சிடாதே, பாய் சொன்ன மாதிரி அப்பிடியே துடை" என்றார்கள். ஹாஜியாரே ஒரு நாள், "ஏன் ரஹீம், இன்னும் பத்து வருஷம் பொறுத்திருந்தா எஞ்சினுக்கு மேல கேட்டிருக்கலாமோ?" என்றார். "தோலு அழுவியிருக்கும் ஹாஜியாரே" என்றார் பாய்.

ஒவ்வொரு பக்ரீத் வேலையும் ஓய்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் காவேரிப்பாக்கம் போவோம். முதலியார் கொட்டகையைத் திறந்துவிடுவார். சாவியைப் போட்டு, லேசாக மேலே தூக்கிப் பாய் திருப்புவார். ஏரிக்கரையை ஒரு சுற்று. காற்றில் பேசினால் கேட்காது. ஒரு வருஷம் நான் ஓட்டுகிறேனே என்றேன். "புளியமரம் ஜாஸ்தி இந்தப் பக்கம்" என்றார். போன வருஷம் அவருக்கு இருமல் அதிகமாக இருந்தது. கரையில் பாதி வழியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டினார். வரப்போவதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. சில நாள் கழித்து நான் போனபோது பாயின் மனைவி உள்ளேயிருந்து சாவியை அன்வரிடம் கொடுத்தனுப்பினார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு தம்பி. நான் போனதும் எத்திராஜு மொதல்ல சாவியத்தான் கேப்பான், திட்டாம குடுத்துடுன்னாரு." அன்வர் சிரிக்காமல் என்னைப் பார்த்தான். லாரிக்கு அடியில் கிடந்த என்னைவிட ஆஸ்பத்திரியில் கிடந்த பாய்க்கு என்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு வந்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். என் ஷெட்டில் இப்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சரியானதைச் சொல்லுவதற்கு முன்னால் சரியாகாததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாடிக்கை குறைந்தது, மற்றவர்கள் போகவில்லை. குடியாத்தத்திலிருந்து யார் வந்தாலும் என்ன நாற்றம் வருகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். செகண்ட் என்ற தரம் ஒன்று இருக்கிறது, சாட்சி இல்லாமல். அப்புறம் சாவி.

இந்த வருஷமும் வேலை ஓய்ந்ததும் காவேரிப்பாக்கம் போனேன், தனியாக. முதலியார் தன் சாவியை எடுக்க உள்ளே போகப் பார்த்தார். பாயின் சாவி இருக்கிறது என்றேன். அவரும் இடது பக்கம் ஏறி, வேட்டியை ஒழுங்கு பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். பாய் சாவியை லேசாக மேலே தூக்கித் திருப்புவார் என்று சொன்னேன் அல்லவா? நான் மெக்கானிக். நேராகத் திருப்பினேன். சாவி முறிந்தது. பாதி என் கையில், பாதி வண்டியில். கம்பி விட்டு எடுக்கப் பார்த்தேன். இன்னும் உள்ளே போய்விட்டது. முதலியார், "இதுவும் ஒரு கொறைதான், வர்றவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். இறங்கி இரண்டு பேரும் வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளினோம். தள்ளும்போது முதலியார் வேட்டி பின் சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது.